குடிசை குடிசையாக நடந்த ஓர் அம்மா



மரக்காணத்துக்கு ஒருமுறை வந்தவர்கள் எவரும் அந்த வெண்மையை மறப்பதில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரமாக 3,000 ஏக்கருக்கும் மேல் உப்புப் பாத்திகள் பரந்து கிடக்கின்றன. ஒரு பக்கம் பக்கிங்காம் கால்வாயின் தென்கோடி, இன்னொரு பக்கம் கழுவெளி ஏரியும் அதைக் கடலோடு சேர்க்கும் கழிமுகமும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளில் சேறு வாரி, காலால் மிதித்துத் தரையை இறுக்குவார்கள். பிறகு உவர்நீரைப் பாய்ச்சி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி வெயிலில் வற்றவைப்பார்கள். கடைசிப் பாத்தியில் உப்பு பூத்ததும் பலகையால் வாரிக் கரையேற்ற வேண்டும். அதைக் கூடையில் தலைச்சுமையாகத் தூக்கி அம்பாரத்தில் கொட்டும் வேலையில் பெண்களே அதிகம். ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பாத்தி முழுதும் தண்ணீர். ஏறத்தாழ மூன்று மாதம் கூலி கிடையாது.

இந்தத் தொழிலாளரில் பாத்தி சொந்தமாக உள்ளவர் அபூர்வம். பெரும்பகுதி அரசு நிலம். குத்தகை எடுத்தவர்கள் நடத்துகிறார்கள். மற்றவர்கள் நாள் கூலிக்குப் போகிறார்கள். கண் கூச்சம், பாதத்தில் ஆறாத வெடிப்பு, தண்ணீர் குடிக்காமல் நாள் முழுதும் வெயிலில் நிற்பதால் வரும் நீர்க்கடுப்பு, இவற்றுக்கெல்லாம் நாங்கள் மருந்து கொடுத்து அனுப்புகிறோம். அவர்கள் மறுநாள் அதே பாத்திக்குப் போகிறார்கள்.

உங்களில் சிலர் நேரில் காணும்போதும் கடிதத்திலும் எங்களிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. இத்தனை காலம் வெளியிலிருந்து உதவி போகிறதே, அந்த ஊர்களிலேயே நெடுநாளாகக் குடியிருக்கும் ஒருவர் எழுந்து தம் மக்களுக்குத் தலைமை ஏற்பது எப்படி நடக்கும்? நியாயமான கேள்வி. ஓரிரு நாள் பயிற்சி முகாம் நடத்தி, சான்றிதழ் கொடுத்து, தலைவர்களை உண்டாக்கிவிடலாம் என்று நம்புகிறவர்களும் உண்டு. எங்களுக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஆகவே இதே கடற்கரையின் தென்பகுதியில் நடந்த ஓர் உண்மை வரலாற்றை இந்த இதழில் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

மரக்காணத்திலிருந்து தெற்கே புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டிப் போனால் நாகப்பட்டினம் வரும். அதற்கும் தெற்கே வேதாரணியம். அங்கேயும் உப்பளங்கள்தான். 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பெடுத்த இடம் அது. இந்த நாகைப் பகுதியில் கடலோரமும் நெல்வயலும் கலந்த கிராமங்களில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்து திரிந்தவர் திருமதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். ஊரார் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தார்கள்.

அவர் அங்கே பிறந்தவர் அல்ல. 1926-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று, இன்றைய திண்டுக்கல் மாவட்டம் பட்டிவீரன்பட்டிக்கு அருகே நிலமற்ற ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் காலமானார். தாயார் நாகம்மாள் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். விடியுமுன் எழுந்து, இருட்டிய பின்னும் ஓயாத வேலை. அந்தத் தாயின் உழைப்பைக் கண்டு வளர்ந்ததுதான் பிற்காலத்தில் நிலத்தைப் பெண்ணின் பெயரில் எழுத வேண்டும் என்று அம்மையார் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் என்று நாங்கள் கருதுகிறோம்.

கிருஷ்ணம்மாள் படித்ததற்கு ஒரு பெண் மருத்துவர் காரணமாயிருந்தார். மருத்துவமனையின் இதழில் இதைச் சொல்லாமல் போக முடியாது. டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம் இளம் வயதிலேயே விதவையானவர், டில்லி லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்துத் திரும்பியவர், பிற்பாடு ஜி. இராமச்சந்திரனை மணந்து, 1947-இல் அவரோடு சேர்ந்து காந்திகிராமத்தை நிறுவியவர். மதுரையில் அவருடைய ஆதரவில் விடுதியில் தங்கிப் படித்த ஏழைப் பெண்களில் கிருஷ்ணம்மாளும் ஒருவர். பட்டப்படிப்பு வரை போனார். அந்நாளில் அவர் பிறந்த சமூகத்தில் ஒரு பெண் பட்டதாரியாவது எத்தனை அரிது என்பதை மூத்த வாசகர்கள் அறிவார்கள். அரசு வேலையும் நகரத்து வாழ்க்கையும் எட்டும் தூரத்தில் இருந்தன.

அவர் மணந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதன் வசதியான குடும்பத்துப் பிள்ளை. இராமநாதபுரம் பக்கத்துக்காரர். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர் 1930-இல் காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டார். நம் சபை மக்களுக்கு ஆர்வமூட்டும் செய்தி ஒன்று உண்டு. திருப்பத்தூரில் டாக்டர் சே. யேசுதாசனும் டாக்டர் ஃபாரஸ்டர் பேட்டனும் 1921-இல் தொடங்கிய கிறிஸ்துகுல ஆசிரமத்தில் ஜெகந்நாதன் தங்கியிருந்து தொண்டு கற்றார். மதுரைச் சேரிகளில் அவரோடு சேர்ந்து உழைத்தவர் அமெரிக்க மிஷனரி ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். நாடு விடுதலையான பிறகே திருமணம் என்று இருவரும் காத்திருந்து 1950-இல் மணந்தார்கள். சாதி கடந்த திருமணம்.

அடுத்த ஆண்டு வினோபா பாவே பூமிதான இயக்கத்தைத் தொடங்கினார். நிலமுள்ளவரிடம் கேட்டு வாங்கி நிலமற்றவருக்குக் கொடுப்பது அதன் நோக்கம். ஜெகந்நாதன் வட இந்தியாவில் வினோபாவுடன் நடந்தார். கிருஷ்ணம்மாள் சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். பிறகு இருவரும் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் அந்தப் பணியிலேயே கழித்தார்கள். இந்தக் காலத்தைப் பற்றி எழுத நிறைய இருந்தாலும் நாங்கள் வேகமாகக் கடந்து போகிறோம். ஏனெனில் அப்போது அவர்கள் ஊர் ஊராகப் போகும் தொண்டர்கள். ஓர் ஊரில் வேர்விட்டது அதற்குப் பிறகுதான்.

1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25. நம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்பின் ஆராதனை முடிந்து வீடு திரும்பிய அதே நாள் இரவு, அன்றைய கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணி என்ற கிராமத்தில் 44 தலித் மக்கள் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விவசாயக் கூலிகள் கூடுதல் நெல் கேட்டதும், சங்கமாகச் சேர்ந்ததும் அதற்குக் காரணம். தண்டனை பெற்ற நிலக்கிழார்கள் பின்னர் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

செய்தி கேட்டு அங்கே போனவர்கள் அநேகர். தலைவர்கள் வந்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். கிருஷ்ணம்மாள் போனவர் திரும்பவில்லை. அப்போது அவருக்கு வயது 42. வீட்டில் வளரும் பிள்ளைகள் இருந்தார்கள். (அந்த மகனும் மகளும் பிற்காலத்தில் மருத்துவர்களானார்கள்.) துக்கத்திலும் பயத்திலும் இருந்த குடும்பங்களோடு அவர் தங்கினார். நாகப்பட்டினத்துக்கு அருகே கூத்தூரில் வினோபா ஆசிரமம் அவருடைய நிலையான இடமாயிற்று.

அங்கே அவர் கண்டது என்ன? கொலைக்குப் பின்னால் இருந்தது நிலம் என்பதைக் கண்டார். காவிரி பாயும் அந்தப் பூமியில் விளைச்சலுக்குக் குறைவில்லை. ஆனால் உழுகிறவனுக்கு ஒரு காணி கிடையாது. குடிசை போட்டிருக்கும் மனையும் மிராசுதாரருடையது. கூலி கூட்டிக் கேட்டால் குடியிருப்பையே காலி செய்யச் சொல்லலாம். சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் 1961-இல் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 நிலையான ஏக்கர் என்றிருந்த வரம்பு 1970-இல் 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஆனால் வயலில் நிற்கிறவருக்கு அந்தச் சட்டத்தால் ஒன்றும் வரவில்லை. நிலங்கள் உறவினர் பெயரிலும் வேலைக்காரர் பெயரிலும் அறக்கட்டளைகள் பெயரிலும் எழுதப்பட்டிருந்தன. வலிவலத்தில் கோயில் நிலத்துக்காக இத்தம்பதியர் நடத்திய சத்தியாக்கிரகம் இந்தப் பினாமி ஏற்பாட்டை எதிர்த்துத்தான். வெண்மணிக் குடும்பங்களுக்கும் பின்னர் நிலம் கிடைத்தது. நாபோத்தின் திராட்சத் தோட்டத்துக் கதையை ஞாயிறு பள்ளியிலேயே படித்த நமக்கு, அரசனும் பத்திரமும் முத்திரையும் சேர்ந்தால் ஓர் ஏழையின் நிலம் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இங்கே நாபோத்துக்கு ஆரம்பத்திலேயே தோட்டம் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

1975-இல் நெருக்கடி நிலை வந்தபோது, ஜெயப்பிரகாஷ் நாராயணனோடு பீகாரில் இருந்த ஜெகந்நாதன் சிறை சென்றார். கணவர் அருகில் இல்லாத அந்தக் காலத்திலும் அம்மையாரின் கிராமப் பணி தொடர்ந்தது.

1981-ஆம் ஆண்டு இருவரும் சேர்ந்து ‘லாஃப்டி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பைத் தொடங்கினார்கள். உழுகிறவர் விடுதலைக்கு நிலம் என்பது அதன் பெயரின் பொருள். இதன் வேலைமுறையைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். தொண்டு நிறுவனங்கள் செய்யும் வழக்கமான காரியம் இல்லை இது.

அதுவரை மூன்று வழிகள் தெரிந்திருந்தன. தானமாகக் கேட்பது ஒன்று. அதில் கிடைத்தவற்றில் கல்லும் கரடும் நிறைய. போராடிப் பறிப்பது இன்னொன்று. அதற்குக் கிடைத்த பதிலை வெண்மணியில் கண்டார்கள். சட்டத்துக்குக் காத்திருப்பது மூன்றாவது. அம்மையார் வேறொன்றைக் கவனித்தார். மிராசுதாரர் வீட்டுப் பிள்ளைகள் படித்துச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். நிலத்தை விற்றுவிட விரும்பிய குடும்பங்கள் இருந்தன. அவர்களிடம் போய், நியாயமான விலைக்கு இந்த நிலத்தை உழுகிற குடும்பங்களுக்கே விற்பீர்களா என்று கேட்டார்.

நினைத்துப் பாருங்கள். யாருடைய வாசலில் தலித் மக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்களோ, அதே வாசலில் ஒரு தலித் பெண் விலை பேசுகிறவராகப் போனார். உடனே சம்மதித்தவர்கள் குறைவு. திரும்பத் திரும்பப் போனார். நிலமுள்ளவரையும் நிலமற்றவரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசவைப்பதே லாஃப்டியின் முதல் வேலையாக இருந்தது.

இதில் இரண்டு தடைகள் வந்தன. முதலாவது, வங்கி. கூலிக்காரருக்கு நிலம் வாங்கக் கடன் கொடுக்க எந்த வங்கிக்கும் மனம் வரவில்லை. அடமானம் வைக்க அவர்களிடம் எதுவும் இல்லை. இரண்டாவது, பத்திரப் பதிவுச் செலவு. முத்திரைத்தாளுக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் போகும் தொகை, ஓர் ஏக்கர் வாங்கும் ஏழைக்குத் தாங்க முடியாதது. ஒவ்வொரு அலுவலகமாக ஏறி இறங்கி, மனு எழுதி, காத்திருந்து, மறுபடி போய், இந்தத் தடைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடந்தார்கள். கடன் கிடைத்ததும் நிலம் வாங்கி, ஒரு குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் வீதம் பிரித்து, வீட்டுப் பெண்ணின் பெயரில் பதிவு செய்தார்கள். பயிர் வேலையைக் கூட்டாகச் செய்து, விளைச்சலிலிருந்து கடனைத் திருப்பிக் கட்டினார்கள்.

பெண்ணின் பெயரில் ஏன்? ஆணின் பெயரில் இருக்கும் நிலம் ஒரு குடிவெறியில், ஒரு கலியாணக் கடனில் கைமாறிப் போய்விடும் என்பது ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. இதை நாங்கள் மரக்காணம் பகுதியிலும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். 2023-ஆம் ஆண்டு மே மாதம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

2007-ஆம் ஆண்டுக்குள் இவ்வாறு சுமார் 13,000 ஏக்கர் நிலம் சுமார் 13,000 குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. ஓர் ஏக்கரில் யாரும் பணக்காரராவதில்லை. ஆனால் அந்த ஏக்கர் உள்ளவளைக் குடிசையைக் காலி செய் என்று மிரட்ட முடியாது. அறுவடைக்குக் கூலி பேசும்போது அவள் நிமிர்ந்து பேசுவாள். வயலில் வேலை இல்லாத மாதங்களுக்காகப் பாய் நெசவு, தையல், தச்சு, கொத்து வேலை ஆகியவற்றில் பயிற்சி கொடுத்தார்கள். மரக்காணத்தில் மழைக்கால மாதங்களை எண்ணிப் பயப்படும் குடும்பங்களை அறிந்த எங்களுக்கு, அந்தக் ‘வேலையில்லாத மாதங்கள்’ என்ற சொல்லின் கனம் தெரியும்.

அம்மையாரோடு இந்த வேலையில் நின்றவர்கள் அந்தந்தக் கிராமத்துப் பெண்கள். நிலம் வாங்கும் ஊரில் யாருக்கு எத்தனை பிள்ளை, யார் உண்மையில் நிலமற்றவர், யார் கடனைக் கட்டுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து வரும் அதிகாரி ஒரு பட்டியல் தயாரித்தால் அதில் பொய்ப் பெயர் நுழையும். பக்கத்து வீட்டுக்காரி தயாரிக்கும் பட்டியலில் அது கடினம்.

வாங்கிய நிலத்துக்கு 1990-களின் தொடக்கத்தில் புது ஆபத்து வந்தது, அதுவும் கடலிலிருந்து. இறால் ஏற்றுமதியில் லாபம் கண்ட நிறுவனங்கள் நாகைக் கடலோரத்தில் நிலங்களை வாங்கிக் குளங்கள் வெட்டின. கடல்நீரைக் குழாய் வழியாக இறைத்து நிரப்பி, தீவனமும் மருந்தும் போட்டு இறால் வளர்த்து, அழுக்கு நீரைத் திரும்ப ஓடையிலும் கடலிலும் விட்டார்கள். உப்புநீர் மண்ணுக்குள் இறங்கியது. அருகிலிருந்த கிணறுகள் உவர்ப்பாயின, நெல்வயல்கள் கெட்டன. மீனவர்கள் கடற்கரைக்குப் போகும் வழியில் வேலி எழுந்தது. நாற்று நடவும் களை பறிக்கவும் அறுக்கவும் பல கைகள் தேவைப்பட்ட வயல், குளமானதும் சில காவற்காரர்களோடு நின்றுவிட்டது. உவர் எப்படிப் பரவும் என்று உப்பளத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பள வரப்புக்குப் பக்கத்து நிலத்தில் நெல் போட யாரும் துணிவதில்லை.

அப்போது ஜெகந்நாதனுக்கு எண்பதை நெருங்கும் வயது. அம்மையாருக்கு அறுபத்தைந்துக்கு மேல். ஓய்ந்து உட்காரும் வயது. ஆனால் உண்ணாவிரதம், நடைபயணம், இறால் பண்ணை வாசலில் மறியல் என்று கிராமத்தாரோடு இறங்கினார்கள். கைது செய்யப்பட்டவர்களில் பெண்கள் நிறைய. 1994-இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும்படி நீதிமன்றம் பணித்தது.

1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறையிலானவை தவிர மற்ற இறால் குளங்கள் கூடாது. இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் அகற்ற வேண்டும். கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும். வேலையிழக்கும் தொழிலாளருக்கு இழப்பீடு தர வேண்டும். எங்கள் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு வரியும் அதில் இருந்தது. விவசாய நிலம், சதுப்பு நிலம், ஊர்ப் பொது நிலம் ஆகியவற்றோடு உப்பள நிலத்தையும் இறால் குளமாக மாற்றக்கூடாது என்றது தீர்ப்பு. நாகைக் கிராமத்தார் தங்கள் கிணற்றுக்காகத் தொடுத்த வழக்கில், மரக்காணத்து உப்பளமும் காப்புப் பெற்றது.

இத்தோடு சுபம் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படியில்லை. மறுஆய்வு மனுக்கள் போடப்பட்டன. குளங்களை அகற்றும் வேலை நின்றது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி, ஆணையத்திடம் பதிவு செய்துகொண்டு பண்ணை நடத்த வழி ஏற்பட்டது. கடலோர மண்டலத் தடையும் தளர்ந்தது. வென்ற வழக்கின் பெரும் பகுதி காகிதத்தில் கரைந்தது என்று நாங்கள் சொன்னால் அது மிகையாகாது. ஆயினும் அந்தப் போராட்டம் வீணானது என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. கடலோரத்தில் ஒரு குளம் வெட்டுமுன் யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலையே அதற்குப் பிறகுதான் வந்தது.

2004 டிசம்பர் 26. சுனாமி. தமிழ்நாட்டில் அதிகம் அடிபட்டது நாகப்பட்டினம் மாவட்டம். அங்கு மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 78 வயதில் அம்மையார் மறுபடி குடிசைகளுக்குள் நடந்தார். கடலோரத்து மீனவருக்கு உதவி குவிந்தபோது, அவர்களை நம்பிப் பிழைத்த நிலமற்ற கூலிகளை எவரும் எண்ணவில்லை என்ற குறையை அந்நாட்களில் பலர் சொன்னார்கள். அம்மையாரின் கவனம் அவர்கள் பக்கம் இருந்தது. குடிசைக்குப் பதில் கல்வீடு என்பது அவருடைய பிற்காலத்து உழைப்பாயிற்று.

விருதுகளைப் பற்றி ஒரு வரி போதும்: 1989-இல் பத்மஸ்ரீ, 2008-இல் சுவீடனிலிருந்து ‘மாற்று நோபல்’ எனப்படும் விருது கணவரோடு சேர்த்து, 2020-இல் பத்ம பூஷண். ஜெகந்நாதன் 2013 பிப்ரவரியில் 98 வயதில் காலமானார்.

இனி மரக்காணத்துக்கு வருவோம். கிருஷ்ணம்மாளைப் போல் பட்டம் படித்த பெண் எல்லா ஊரிலும் கிடைப்பாரா என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் அவர் தொடங்கிய 1968-இல் இல்லாத ஒரு வாசல் இப்போது திறந்திருக்கிறது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் பிறந்தது. 1996-இல் நடந்த தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றிருந்தது. 2016-இல் அது பாதி இடமாகச் சட்டத்தில் உயர்ந்தது. 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது அந்த ஏற்பாட்டின்படியே நடந்தது. மரக்காணம் நகரம் பேரூராட்சி. அதைச் சுற்றியுள்ள கிராமங்கள் ஊராட்சிகள்.

பதவியில் பெண் இருந்து, கணவர் கையெழுத்துப் போடச் சொல்லும் ஊர்களை நாங்களும் அறிவோம். இதை மூடிமறைக்க விரும்பவில்லை. ஆனால் நாற்காலி ஒருவருக்குக் கிடைக்குமுன் அவர் ஊரில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைப் பொறுத்தே நாற்காலியில் அவர் என்ன செய்வார் என்பது இருக்கிறது. அம்மையாரின் வரலாற்றில் எங்களைத் தொட்டது இந்தப் பகுதிதான்.  வீடு வீடாகப் போனார், பட்டியல் எழுதினார், அலுவலகத்துக்குக் கூட்டிப்போனார், கேட்டது கிடைக்காவிட்டால் மறுவாரமும் கூட்டிப்போனார்.

அப்படிப்பட்ட வேலை உப்பளத்திலும் இருக்கிறது. மழைக்காலத்தில் வேலையிழக்கும் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு ரூ. 5,000 நிவாரணம் தரும் திட்டத்தை 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கியது. மீனவருக்குத் தடைக்கால நிவாரணம் இருப்பதுபோல் இது. ஆனால் நல வாரியத்தில் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். பதிவுக்கு ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, உப்பளத்தில் வேலை செய்வதற்கான சான்று எல்லாம் வேண்டும். பல உப்பளங்களில் ஆள் மாற்றி வேலை செய்யும் பெண்ணுக்கு அந்தக் கடைசிச் சான்றை யார் தருவார்? குத்தகைக்காரர் வாசலுக்குப் போய், இவள் உன் பாத்தியில் இத்தனை வருஷமாய் உப்பு சுமக்கிறாள், எழுதிக் கொடு என்று கேட்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் வெளியூர்க்காரராக இருந்தால் குத்தகைக்காரர் தட்டிக் கழிப்பார். முப்பது வருஷம் அதே தெருவில் இருந்து, அதே பாத்தியில் நின்றவர் கேட்டால் மறுப்பது கஷ்டம்.

கிராம சபை ஆண்டுதோறும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடுகிறது. வேறு சில நாட்களும் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கின்றன. மே தினத்தன்று உப்பளத்தில் உப்பு வாரும் மும்முரம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வரப் பெண்களால் முடிவதில்லை. அக்டோபர் 2 வரும்போது பாத்திகளில் வேலை ஓயத் தொடங்கியிருக்கும், மழை இன்னும் பிடித்திருக்காது. வாரியத்தில் விடுபட்ட பெயர்களை எழுதி எடுத்துக்கொண்டு போக அதுவே ஏற்ற நாள்.